திண்டிவனத்தில் ஓர் இரவு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதை வேலூரில் தொடங்கவில்லை. 1890-களின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் ஒரு மிஷன் பங்களாவின் வாசலில் தொடங்கியது. அந்தக் கதையின் நாயகி ஐடா ஸ்கடர். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழையோடு சளியும் காய்ச்சலும் வந்து, விழுப்புரம், திண்டிவனம் மருத்துவமனைகளில் புறநோயாளிகளின் வரிசை நீளும்போது அவரை நினைத்துக்கொள்வது பொருத்தமானது.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் காலந்தொட்டு மருத்துவமும் சமயப் பணியும் அக்குடும்பத்தின் மரபு. தாது வருடப் பஞ்சத்தில் பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்த அந்தச் சிறுமி, வளர்ந்தபின் இந்தியாவில் வாழ விரும்பவில்லை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தவர், தாயாரின் உடல்நலம் குன்றியதால்தான் திண்டிவனம் வந்தார். சில காலம் உடனிருந்துவிட்டுக் கப்பலேறுவதே அவருடைய எண்ணம்.

ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் மற்றோர் உயர்சாதி இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். அவருடைய தந்தை மருத்துவர். புறப்பட ஆயத்தமாகவும் இருந்தார். ஆனால் அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதற்கு அம்மூவரும் இசையவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டனர். பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். மருத்துவம் படிக்கப் போவதாக ஐடா பெற்றோரிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

இக்கதையைப் பெண் மருத்துவர் இல்லாத குறையாக மட்டுமே சொல்லி வருகிறோம். அதில் இன்னொரு செய்தியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. யார் யாரைத் தொடலாம் என்பதில் இத்தனை நுட்பம் காட்டிய சமூகம், தொடும் கை கழுவப்பட்டதா என்று கேட்கவில்லை. பிள்ளைப்பேறு தீட்டு என்பதால் பெண்ணை வீட்டின் ஒதுக்குப்புறத்தில் பழந்துணியில் கிடத்தினர். தீட்டையும் அழுக்கையும் ஒன்றெனக் கருதியதன் விலையைக் கொடுத்தவர்கள் தாய்மார்களே.

ஐரோப்பாவையும் இதில் உயர்த்திப் பேச இயலாது. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்த்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே தாய்மாரைத் தொட வேண்டும் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் ஆணையிட்டார். பிரசவக் காய்ச்சல் மரணங்கள் சில மாதங்களிலேயே பெருமளவு குறைந்தன. இருந்தும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே நோயைச் சுமந்து வருகிறது என்பதைக் கனவான்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? 1865-இல் மனநலக் காப்பகம் ஒன்றில் அவர் இறந்தார்.

ஐடா 1895-இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்குள் நிலைமை மாறியிருந்தது. பாஸ்டரும் லிஸ்டரும் கிருமிக் கொள்கையை நிலைநாட்டிவிட்டனர். கைகளைத் தேய்த்துக் கழுவாமல் அறுவை அரங்கில் நுழைய முடியாது என்பது பாடமாகிவிட்டது. கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900-இல் வேலூர் வந்தார். அதே ஆண்டில் தந்தை மறைந்தார். வீட்டிலேயே சிறு மருந்தகம் தொடங்கி, இரண்டாண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளைக் கவனித்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஒரு மருத்துவருக்கு இரண்டு கைகள்தாம். இதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மருத்துவமனையை விடவும் இதுவே அவருடைய தொலைநோக்குக்குச் சான்று என்பேன். சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்க்கும் வழக்கமும் அவரால் வேரூன்றியது.

1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவாயிற்று. விண்ணப்பம் வருமா என்று அதிகாரிகள் ஐயுற்றிருக்க, 151 வந்தன. அதே ஆண்டில்தான் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்து, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தடுப்பூசியில்லை, கிருமிக்கொல்லி மருந்தில்லை. சோப்பு, சுத்தமான நீர், காற்றோட்டம், செவிலியரின் கவனிப்பு இவையே அன்றைய மருத்துவத்தின் கையிருப்பு. 1922-இல் தேர்வெழுதிய முதல் அணியின் 14 பெண்களும் தேர்ச்சி பெற்றனர். ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார்.

அந்த மூன்று கணவர்களின் துயரம் இன்று இங்கு அநேகமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இயங்குகிறது. ஆனால் ஃப்ளூ கிருமி பிரசவ அறைக்குள் மட்டும் இருப்பதில்லை. பேருந்துக் கம்பி, கதவுக் கைப்பிடி, கைப்பேசி, பிறகு நம் மூக்கு என அது பயணம் செய்கிறது. அதன் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. வெறும் நீருக்கு அந்த ஆற்றல் இல்லை. கை கழுவுவதால் சளி போன்ற மூச்சுத் தொற்றுகள் 16 முதல் 21 விழுக்காடு வரை குறைவதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. காற்றில் பரவுவதற்கு முகக்கவசமும் தடுப்பூசியும் வேண்டும் என்பது வேறு.

ஒருவர் கை கழுவினால் அவருக்கு அடுத்திருப்பவரும் பயனடைகிறார். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். இத்தகைய பொருளைத் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிட்டால், தேவையான அளவுக்குக் கிடைக்காது. பொதுப் பணம் அதில் நுழைந்தாக வேண்டும். கை கழுவுங்கள் என்று சுவரில் எழுதிவிட்டுக் குழாயடியில் சோப்பு வைக்க மறப்பது பாதி வேலைதான். விழுப்புரம் மாவட்டத்தின் பள்ளிகள், அங்கன்வாடிகள், பேருந்து நிலையங்கள் ஆகியவற்றில் எத்தனை குழாய்களில் நீர் வருகிறது, எத்தனையில் சோப்பு இருக்கிறது என்று அடுத்த பருவமழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்து வெளியிடலாம். திண்டிவனத்திலிருந்து தொடங்கலாம்.