காதுக்குள் ஒரு நத்தைக்கூடு

எங்கள் பிரம்மதேசத்தில் திருவிழா என்றால் தவில் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். தவிலின் வலது பக்கத்தில் விரல்கள் விழுந்தால் கணீரென்று ஒலிக்கும். இடது பக்கத்தில் குச்சி விழுந்தால் 'தொம்' என்று அதிரும். இரண்டு ஒலியும் ஒரே காதுக்குள்தான் போகின்றன. காது எப்படி அவற்றைப் பிரித்து அறிகிறது? இதற்கு விடை தேடியவர்தான் ஜார்ஜ் வான் பெக்கேசி.

இவர் 1899ம் ஆண்டு ஜூன் 3ம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை தூதரக அதிகாரி. அதனால் பல நாடுகளில் படித்தார். வேதியியல் கற்றபின், இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போருக்குப் பின் நாடு வறுமையில் இருந்தது. நல்ல கருவிகள் இருந்த இடம் தபால் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடம். 1923ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தொலைபேசியைச் சீராக்க வேண்டுமானால், கேட்கும் காதைப் பற்றித் தெரிய வேண்டாமா? ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

நம் உட்காதில் பட்டாணி அளவில், நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதன் பெயர் காக்லியா. அதற்குள் திரவமும், நீளமான மெல்லிய சவ்வும் இருக்கின்றன. இறந்தவர்களின் காதுகளைத் தண்ணீருக்குள் வைத்து, காக்லியாவில் நுட்பமாகத் துளையிட்டார் பெக்கேசி. சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவினார். விட்டு விட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சத்தில், நுண்ணோக்கி வழியே பார்த்தார். என்ன ஆச்சரியம்! ஒலி எழுப்பியதும் சவ்வின் மேல் அலை ஓடியது! மெல்லிய, உயர்ந்த ஒலிக்கு அலை வாசலருகே உயர்ந்து நின்றது. கனத்த, தாழ்ந்த ஒலிக்கோ சுருளின் கடைசி நுனி வரை சென்றது. 1928ல் இதை வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் புடாபெஸ்ட் சிதைந்தது. 1946ல் சுவீடனுக்கும், மறு ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அங்கே, காக்லியாவின் ஒரு பகுதித் திரவத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருப்பதை 1952ல் கண்டறிந்தார். டார்ச் லைட் பேட்டரியில் இருப்பது 1,500 மில்லிவோல்ட். அதில் இருபதில் ஒரு பங்குதான் இது. ஆனால், இந்த மின்சாரம் குறைந்தால் கேட்கும் திறனும் குறைந்துவிடும்!

மருத்துவரே அல்லாத பெக்கேசிக்கு 1961ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1972ம் ஆண்டு ஜூன் 13ம் தேதி ஹவாயில் காலமானார்.

உயிருள்ள காதில் இந்த அலை இன்னும் கூர்மையாக எழுகிறது என்று பின்வந்தவர்கள் கண்டனர். ஆனாலும், அவர் போட்ட அஸ்திவாரம் நிலைத்து நிற்கிறது.

மெனியர் என்ற நோய் வந்தால் தலை சுற்றும். தவிலின் 'தொம்' போன்ற தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். அப்போது செவிப்பறை அருகே மெல்லிய மின்முனையை வைத்து, ஒலி கேட்கும்போது காக்லியாவில் எழும் மின்சாரத்தை மருத்துவர்கள் பதிவு செய்வதுண்டு. மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்த்து நோயை அறிகிறார்கள்.

பட்டாணி அளவே உள்ள அந்தப் பொக்கிஷத்தைப் பென்சிலாலும் ஊக்காலும் குடையலாமா? காது மங்கலாகக் கேட்டால் மறைக்காமல் உடனே அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள், செல்லங்களே!