எறும்பால் தையல் போட்ட மருத்துவர்

குழந்தைகளே! விளையாடும்போது கீழே விழுந்து, முழங்காலில் ஆழமாக வெட்டுப்பட்டால் டாக்டர் என்ன செய்வார்? காயத்தைக் கழுவுவார். மரத்துப்போக ஊசி போடுவார். பிறகு வளைந்த சின்ன ஊசியால் இரண்டு, மூன்று தையல் போட்டு அனுப்பிவிடுவார். சில நாட்கள் கழித்துத் தையல் பிரித்தால், மெல்லிய கோடு போல ஒரு தழும்பு மட்டும் இருக்கும்.

கிழிந்த துணியைத் தைப்பது போல மனித உடம்பையும் தைக்கலாம், தைத்தால் அது ஒட்டிக்கொள்ளும் என்பது நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. அந்த வித்தையை முறையாக வகுத்து, மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர் சுஸ்ருதர். அறுவை சிகிச்சையின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது.

சுஸ்ருதர் கங்கைக் கரையில் உள்ள காசி நகரில் வாழ்ந்தவர். அவர் காலம் கி.மு. 600-ஐ ஒட்டியது என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அவர் பெயரால் வழங்கும் நூல் 'சுஸ்ருத சம்ஹிதை'. பின்னால் வந்தவர்களும் அதில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். இப்போது கிடைக்கும் நூலில் 186 அத்தியாயங்கள் உள்ளன. சுஸ்ருதரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் அந்த நூலில் இருப்பவையே.

அவர் விசுவாமித்திரரின் மகன் என்கிறது அந்த நூல். அவருடைய குரு, காசி மன்னர் திவோதாசர். அரண்மனையை விட்டு ஆசிரமத்தில் இருந்த அவரிடம் சுஸ்ருதரும் நண்பர்களும் மருத்துவம் படிக்கப் போனார்கள். ஆயுர்வேதத்தில் எட்டுப் பிரிவுகள் உண்டே, எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று குரு கேட்டார். அறுவை மருத்துவம்தான் வேண்டும் என்றார்கள் மாணவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் குழப்பம் வரும் அல்லவா? அதனால் எங்கள் அனைவருக்காகவும் சுஸ்ருதனே கேள்வி கேட்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஆக, வகுப்பில் கேள்வி கேட்கும் பையனாகத்தான் சுஸ்ருதர் நமக்கு அறிமுகமாகிறார்!

அறுவை மருத்துவத்துக்கு அன்று 'சல்லிய' மருத்துவம் என்று பெயர். சல்லியம் என்றால் உடம்பில் தைத்த அம்பு, முள் போன்றவை. போர்கள் நடந்த காலம் அது. அம்பை உருவி எடுக்கவும், வாள்பட்ட காயத்தை மூடவும் தெரிந்த கைகள் தேவைப்பட்டன.

அந்தக் கைகளை எப்படி உருவாக்குவது? இங்குதான் சுஸ்ருதரின் பெருமை இருக்கிறது. எத்தனை நூல்களைக் கரைத்துக் குடித்திருந்தாலும், கையால் செய்து பழகாத மாணவன் நோயாளியைத் தொடக் கூடாது என்பது அவர் விதி. படிப்பு மட்டும் உள்ளவனும், பழக்கம் மட்டும் உள்ளவனும் ஒற்றைச் சிறகு கொண்ட பறவையைப் போன்றவர்கள் என்று அவர் கருதினார்.

அதற்காக அவர் வைத்த பயிற்சிகளைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அறுக்கப் பழகுவதற்குப் பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரிக்காய். கீறிவிடப் பழகுவதற்குத் தண்ணீர் நிரப்பிய தோல் பை. ரத்தக் குழாயில் குத்தப் பழகுவதற்குத் தாமரைத் தண்டு. உள்ளே சிக்கியதை எடுக்கப் பழகுவதற்குப் பலாப்பழம். புண்ணின் ஆழத்தைத் துழாவிப் பார்க்கப் பழகுவதற்குப் பூச்சி அரித்த மரம். கட்டுப் போடப் பழகுவதற்குத் துணி பொம்மை. தையல் பழகுவதற்கு? கெட்டித் துணி, மெல்லிய துணி, மிருதுவான தோல். காய்கறியில் கை தவறினால் கறிக்குத்தான் நஷ்டம். மனிதனிடம் தவறினால் உயிர் அல்லவா போய்விடும்!

உடம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். இறந்தவரின் உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு நாட்கள் போட்டுவைப்பார்கள். பிறகு வெளியே எடுத்து, நாரால் செய்த தூரிகை கொண்டு மெல்லத் தேய்த்து, தோல், சதை, நரம்பு என்று ஒவ்வோர் அடுக்காகப் பார்த்துப் படிப்பார்கள்.

அடுத்தது கருவிகள். கூர்மையில்லாத கருவிகள் 101, கூர்மையான கருவிகள் 20 என்று கணக்குச் சொல்கிறார் சுஸ்ருதர். சில இடுக்கிகள் சிங்கத்தின் வாய் போலவும், சில காக்கை, கொக்கின் அலகு போலவும் இருந்தன. உள்ளே துளையுள்ள குழாய்க் கருவிகளும் இருந்தன. உடம்பின் இயற்கையான துவாரங்கள் வழியே அவற்றைச் செலுத்தி, உள்ளே உள்ள நோயைப் பார்ப்பதும், சிக்கிய பொருளை எடுப்பதும் அவற்றின் வேலை. இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இரும்பு உருக்கும் ஆலைகள் புதிதல்ல. அந்தக் காலத்திலோ கொல்லர் உலைதான் எல்லாம். நல்ல இரும்பைத் தேர்ந்தெடுத்து, கைதேர்ந்த கொல்லரிடம்தான் கருவி செய்ய வேண்டும் என்று சுஸ்ருதர் எழுதினார். காய்ச்சிய கத்தியைத் தண்ணீரிலோ, எண்ணெயிலோ, காரக் கரைசலிலோ தோய்த்துப் பதம் ஏற்றச் சொன்னார். கத்தி கூராக இருக்கிறதா என்பதற்குச் சோதனை என்ன தெரியுமா? ஒரு முடியைப் பிளக்க வேண்டும்! இத்தனை கருவிகளைச் சொன்னவர், எல்லாவற்றிலும் தலைசிறந்த கருவி மருத்துவரின் கையே என்று முடித்தார். கை இல்லாமல் எந்தக் கருவியும் இயங்காதே!

தையல் ஊசிகளை மூன்று வகையாக வகுத்தார். சதை குறைந்த இடத்துக்கும் மூட்டுகளுக்கும் இரண்டு விரல் நீள உருண்டை ஊசி. சதைப்பற்றான இடத்துக்கு மூன்று விரல் நீளத்தில், முப்பட்டை ஊசி. வயிறு போன்ற ஆபத்தான இடங்களுக்கு வில் போல வளைந்த ஊசி. இன்றும் டாக்டர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வளைந்த ஊசிதான். நூலுக்கு மெல்லிய இழை, சணல், மரப்பட்டை நார், விலங்கின் தசைநார், முடி ஆகியவற்றைப் பயன்படுத்தினார். தையல்கள் மிகத் தள்ளியும் இருக்கக் கூடாது, மிக நெருக்கமாகவும் இருக்கக் கூடாது என்றார். தள்ளிப் போனால் வலி கூடும். நெருங்கிப் போனால் சதை பிய்ந்துவிடும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். குடல் கிழிந்தால் என்ன செய்வது? வயிற்றைக் கீறி, குடலில் வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுக்க வேண்டும். கிழிந்த இடத்தின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, அங்கே பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட வேண்டும். எறும்பு கவ்வியதும் அதன் உடலைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். தலை மட்டும் கவ்வியபடியே நிற்கும். பிறகு குடலை உள்ளே வைத்து, வயிற்றை ஊசி நூலால் தைக்க வேண்டும். குடலுக்குள் போட்ட தையலைப் பிரிக்கத் திரும்பவும் வயிற்றைக் கீற வேண்டாம் அல்லவா? எப்படிப்பட்ட யோசனை பாருங்கள்! (இதைப் படித்துவிட்டு யாரும் எறும்பு பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

அறுந்த மூக்கை ஒட்டவைக்கும் முறையையும் அவர் எழுதினார். அந்த நாளில் தண்டனையாக மூக்கை அறுப்பது உண்டு. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதை அளவாக வைத்துக் கன்னத்தில் தோலை எடுப்பார்கள். ஒரு பக்கம் ஒட்டியபடியே இருக்கும் அந்தத் தோலைத் திருப்பி மூக்கின் மேல் வைத்துத் தைப்பார்கள். மூச்சு விடுவதற்கு இரண்டு சின்னக் குழாய்களையும் செருகி வைப்பார்கள்.

மயக்க மருந்து இல்லாத காலம். வலி தெரியாமல் இருக்க மது கொடுத்தார்கள். மருத்துவர் நகமும் முடியும் வெட்டி, சுத்தமான வெள்ளை ஆடை உடுத்தி இருக்க வேண்டும். காயம்பட்டவருக்கு வேப்பிலை, கடுகு, குங்கிலியம் போன்றவற்றால் புகை போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். பெற்றவர்களைக்கூடச் சந்தேகப்படும் நோயாளி, மருத்துவரை நம்பித் தன் உடம்பை ஒப்படைக்கிறான். எனவே அவனைச் சொந்தப் பிள்ளை போலக் காக்க வேண்டும் என்றார்.

சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே அவர் நூல் பாக்தாத் நகரில் அரபு மொழிக்குப் போய்விட்டது. கி.பி. 878-ல் எழுதப்பட்ட அதன் ஓலைச்சுவடி நேபாளத்தின் காத்மாண்டு நகரில் இன்றும் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வித்தை தெரிந்திருந்தது. சங்க நூலான பதிற்றுப்பத்தில், வீரரின் மார்புக் காயத்தை நீண்ட வெள்ளை ஊசியால் தைப்பதைப் பரணர் பாடியிருக்கிறார். குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு அந்த ஊசியை ஒப்பிடுகிறார். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்ததையும், அதில் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்ததையும் அது சொல்கிறது.

ஆனால், நாளடைவில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் வலுத்தது. படித்தவர்கள் சுலோகத்தை மனப்பாடம் செய்தார்கள், கத்தியைத் தொடவில்லை. பறவையின் ஒரு சிறகு ஒடிந்தது. வித்தை சில குடும்பங்களின் கைத்தொழிலாக மட்டும் தப்பிப் பிழைத்தது.

மைசூர்ப் போர் நடந்த 1792-ஆம் ஆண்டு. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். பின்னர் புனே பக்கத்தில் ஒரு வைத்தியர், நெற்றித் தோலை எடுத்து அவருக்குப் புது மூக்கு செய்து தைத்தார். ஆங்கிலேய மருத்துவர்கள் இருவர் அதை நேரில் பார்த்தார்கள். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் செய்தி வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற மருத்துவர், இந்த முறையை ஆராய்ந்து, 1814-ல் லண்டனில் செய்து காட்டினார்.

இங்கே, மதுசூதன் குப்தா என்ற ஆயுர்வேத அறிஞர் 1835-ல் கொல்கத்தாவில் சுஸ்ருத சம்ஹிதையை அச்சுக்குக் கொண்டுவந்தார். அவரே 1836-ல், ஊர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல், கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இறந்த உடலைக் கத்தியால் அறுத்துப் பாடம் கற்றார். நூலை அச்சிட்டவரே கத்தியையும் எடுத்தார். ஒடிந்த சிறகு மறுபடி முளைத்தது!

இன்று வயிற்றை அகலமாகக் கிழிக்காமலேயே பல அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. இதை லேப்ராஸ்கோப்பி, நுண்துளை அறுவை சிகிச்சை என்கிறார்கள். வயிற்றில் விரல் நுழையும் அளவுக்குச் சில துளைகள். அவற்றில் குழாய்களைச் செருகுவார்கள். கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, ஒரு குழாய் வழியே கேமராவை அனுப்புவார்கள். மற்றக் குழாய்கள் வழியே நீண்ட மெல்லிய இடுக்கிகள் போகும். ஓர் இடுக்கி வளைந்த ஊசியைப் பிடிக்கும். இன்னொன்று நூலை இழுக்கும். டாக்டர் டி.வி. திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே தைத்து, முடிச்சும் போடுவார். குடலை வரிசையாகப் பின் அடித்து மூடும் ஸ்டேப்ளரும் வந்துவிட்டது. எறும்பு செய்த வேலையைத்தான் அது செய்கிறது! பார்க்கவும் உள்ளே வேலை செய்யவும் குழாய் என்பது சுஸ்ருதர் யோசனைதானே!

இந்தத் தையல் எளிதல்ல. கைப்பிடியை இடப்பக்கம் அசைத்தால், உள்ளே நுனி வலப்பக்கம் போகும்! அதனால் இளம் டாக்டர்கள் முதலில் ஒரு பெட்டிக்குள் துணியையும் ரப்பரையும் கோழித் தோலையும் வைத்து, திரையைப் பார்த்தபடி தைத்துத் தைத்துப் பழகுகிறார்கள். காசியில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்த மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்களா?

குழந்தைகளே! அறிவியல் சோதனையைச் செய்து பார்க்காமல், விடையை மட்டும் மனப்பாடம் செய்கிறீர்களா? இனி ஒரு முறையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள். பட்டன் தைப்பது, செடி நடுவது, சைக்கிள் செயின் மாட்டுவது என்று கைவேலை எதையும் கேவலமாக நினைக்காதீர்கள். படிப்பும் பழக்கமும் சேர்ந்தால்தான் இரண்டு சிறகு. இரண்டும் இருந்தால், நாளை உங்கள் கையும் ஓர் உயிரைக் காக்கலாம்!