ஓடியவனும் ஓய்ந்தவனும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஓடக் கற்றவன் நிற்கவும் கற்க வேண்டும். இந்த உண்மையை எனக்கு உணர்த்தியது, ஆப்பிரிக்கக் கண்டம் ஈன்ற மாவீரன் அபேபே பிகிலாவின் வாழ்க்கை.

1932 ஆகஸ்டு 7-இல் எத்தியோப்பியாவில் ஜாட்டோ என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானன் அவரை ஓட்டக்காரராக உருவாக்கினார். 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடிகளில் தங்கம் வென்றார். உலகம் வியந்தது!

1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களே இருந்தபோது குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஓட இயலுமா என்று பலரும் ஐயுற்றனர். ஆனால் 2 மணி 12 நிமிடம் 11 வினாடிகளில் முதலாவதாக வந்து, ஒலிம்பிக் மாரத்தானில் இருமுறை வென்ற முதல் வீரரானார்.

இவ்வெற்றியைக் கண்டு, வலியைப் பொருட்படுத்தாமல் ஓடுவதே வீரம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1968-இல் மெக்சிகோவில் காலில் எலும்புக் காயத்துடன் களமிறங்கினார். சுமார் 17 கிலோமீட்டரில் விலக நேர்ந்தது. ஆறிய வயிற்றுக் காயம் வேறு. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தாங்கும் கால் எலும்பு வேறு. நைந்த எலும்பைச் செல்கள் புதுப்பிக்க நாட்கள் தேவை. மன உறுதி அந்நாட்களைக் குறைத்துவிடாது.

1969 மார்ச்சில் கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் கிடந்தார். கைகள் மட்டும் மீண்டன. கால்கள் மீளவேயில்லை. அவரோ சோர்ந்துவிடவில்லை. 1970-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்! 1973 அக்டோபர் 25-இல், 41-ஆம் வயதில், மூளை இரத்தக் கசிவால் மறைந்தார்.

சென்ற ஆண்டு கெண்டைக்கால் எலும்பில் வலியிருந்தும் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும் வீட்டில் பிறந்தவன் நான். ஓய்வு என்பது சோம்பல் என்றே எண்ணியிருந்தேன். பிறகு எட்டு வாரம் நொண்டினேன். களையெடுத்துவிட்டு வந்த அம்மா, என் காலைத் தன் மடியில் வைத்து, அறுத்த வயலையும் சிறிது காலம் தரிசாகப் போடுவார்களே, அது சோம்பலா என்று கேட்டார்கள். எனக்கு விடை கிடைத்தது.

நண்பர்களே! வலி வந்தால் சொல்லுங்கள், நில்லுங்கள், ஆறிய பின் நடந்து, நடந்த பின் ஓடுங்கள். ஓட முடியாத நாளிலும் வில்லை ஏந்திய பிகிலா நமக்கு வழிகாட்டட்டும்!