இரட்டைமலை சீனிவாசனும் இருகட்டத் தேர்தலும்

வாலாஜாபாத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டு, நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அவையில் இடமளித்தது. அதே செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்.

ஆட்சிப்பொறுப்பு இந்தியர் கைக்கு மாறிவந்த வேளையில், 1930, 1931ஆம் ஆண்டுகளில் நடந்த லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் நின்று, ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தெரிந்தெடுக்கும் தனிவாக்குரிமையைக் கோரினார். 1932 ஆகஸ்டில் கிடைத்த அவ்வுரிமை, காந்தியாரின் உண்ணாநோன்பையடுத்து, செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தமாகச் சுருங்கியது. சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டார்.

அதன்படி சென்னை மாகாணத்திற்கு 30 இடங்கள். முதற்கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வாக்காளர் மட்டும் நால்வரைத் தெரிந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பொதுவாக்காளர் அனைவரும் தெரிந்தெடுப்பர்.

1945இல் சீனிவாசன் மறைந்தார். குடியரசின் தேர்தல்முறையில் அந்த முதற்கட்டமும் இடம்பெறவில்லை. இடம் நமக்கு; தெரிவு யாருக்கு என்னும் அவர்காலத்து வினா இன்றும் தீரவில்லை.