வைத்தியப் படிப்புக்கு வரம்பு கட்டிய டாக்டர் ஏ. எல். முதலியார்

பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, கல்பாத்தியிலிருந்து சென்னைக்கும் பம்பாய்க்கும் குமாஸ்தா வேலைக்கு ரயிலேறிய தலைமுறை ஒன்று உண்டு. மலபார் ஜில்லா சென்னை ராஜதானியோடு சேர்ந்திருந்த காலம் அது. கல்லூரி பாலக்காட்டில், பட்டம் சென்னைப் பல்கலைக் கழகத்தினுடையது. அந்தப் பல்கலைக் கழகத்துக்கு 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார்.

துணைவேந்தர் என்ற முறையில்தான் பலரும் அவரை அறிவார்கள். ஆனால் நாட்டில் டாக்டர்களை எப்படி உருவாக்குவது, எத்தனை பேரை உருவாக்குவது, யாருக்கு டாக்டர் என்ற பெயரைக் கொடுப்பது என்ற பெரிய விவகாரத்தில் அவருடைய பங்கு அதைவிடப் பெரியது. அந்த விவகாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

இரட்டையரில் இளையவர்

1887-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி கர்நூலில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. மூத்தவர் ராமசாமி, இளையவர் லட்சுமணசாமி. ராமசாமி வக்கீலாகி, ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களில் ஒருவராகி, பின்னர் மைசூர் சமஸ்தானத்தின் திவானானார். லட்சுமணசாமி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட துறை பிரசவ வைத்தியம். எழும்பூர் பெண்கள் - குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பெரிய பதவிகளில் ஐ.எம்.எஸ். என்னும் ராணுவ வைத்திய சர்வீஸைச் சேர்ந்த வெள்ளைக்காரர்களே உட்கார்ந்திருந்த காலம் அது. 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஓர் இந்தியர் முதல்வராக வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1939-ல் அப்படி வந்த முதல் இந்தியர் ஏ. எல். முதலியார்தான். அவரும் டாக்டர் கிருஷ்ண மேனனும் சேர்ந்து தந்த பிரசவ வைத்தியப் பாடநூல், முதலியார் - மேனன் புத்தகம் என்ற பெயரில் பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கையில் இருந்து வருகிறது.

பிரசவ அறையில் தொடங்கிய தகராறு

இந்திய டாக்டர் பட்டத்தை அன்று மதிப்பிட்டது பிரிட்டனில் இருந்த ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். 1920-களில் அது இங்கே பார்வையாளர்களை அனுப்பியது. அவர்கள் சொன்ன முக்கியமான குறை, மாணவர்களுக்குப் பிரசவம் பார்க்கும் பயிற்சி போதவில்லை என்பது. ஒரு மாணவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவங்களைத் தாமே பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வரும் பெண்களே குறைவாக இருந்த ஊர்களில் அதை நிறைவேற்ற முடியவில்லை. கடைசியில் 1930-ல் இந்தியப் பட்டங்களுக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை அந்தக் கவுன்சில் நிறுத்திவிட்டது.

நாட்டுக்கு இது அவமானமாகப்பட்டது. நம் டாக்டர்களை நாமே அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1933-ல் இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் வந்தது. படிப்பின் தரத்தை இந்தியாவிலேயே கண்காணிக்க ஓர் அமைப்பு பிறந்தது. பிரசவ வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டிருந்த முதலியாருக்கு, பயிற்சியில் குறை வைத்தால் அதன் விலை தாயின் உயிர் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்.எம்.பி. டாக்டர்கள்

அந்தச் சட்டம் பட்டதாரி டாக்டர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. ஆனால் நாட்டில் பெரும்பாலோர் பட்டதாரிகள் அல்லர். மெடிக்கல் ஸ்கூலில் நாலைந்து ஆண்டு படித்து, எல்.எம்.பி. போன்ற லைசென்ஸ் பெற்றவர்கள். கிராமத்து டிஸ்பென்சரி, ரயில்வே, தோட்டம், ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி எல்லாம் இவர்களை நம்பியே நடந்தன. சம்பளம் குறைவு, வேலை அதிகம், மதிப்பு இரண்டாந்தரம்.

சென்னை ராஜதானி இந்தப் படிப்பைக் கைவிடத் தொடங்கியது. சென்னை ஸ்டான்லி மெடிக்கல் ஸ்கூல் 1938-ல் கல்லூரியாக உயர்ந்தது. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய மெடிக்கல் ஸ்கூல், கல்லூரியாக உயர வேண்டும் அல்லது மூட வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. எழுபது வயதில் அந்த அம்மையார் அமெரிக்கா போய் நிதி திரட்ட வேண்டியிருந்தது. 1942-ல் வேலூரில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. முதலியார் துணைவேந்தராக வந்ததும் அதே ஆண்டில்தான்.

1943-ல் சர் ஜோசப் போர் தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. முதலியார் அதில் ஓர் உறுப்பினர். 1946-ல் வந்த அறிக்கையின் கணக்கு திடுக்கிட வைப்பது. பதிவு செய்த டாக்டர்கள் 47,524 பேர். அவர்களில் பட்டதாரிகள் 17,654. லைசென்ஸ் பெற்றவர்கள் 29,870. ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்ஸ் நிலைமை இன்னும் மோசம். 43,000 பேருக்கு ஒருவர்.

இந்த நிலையில் என்ன செய்வது? குறுகிய காலப் படிப்பால் சீக்கிரம் நிறையப் பேரைத் தயாரிக்கலாம் என்பது ஒரு கட்சி. ஏழைக்கு ஒரு தர டாக்டர், பணக்காரருக்கு வேறு தர டாக்டர் என்று வைப்பது அநியாயம், எல்லோருக்கும் ஒரே தரம் வேண்டும் என்பது மறு கட்சி. உறுப்பினர்களில் சிலர் மாற்றுக் கருத்து எழுதினாலும், இரண்டாவது கட்சியே வென்றது. ஒரே படிப்பு, ஒரே பட்டம் என்று அறிக்கை சொன்னது.

கையில் வந்த திறவுகோல்

சுதந்திரத்துக்குப் பின் அறிக்கையை நடைமுறையாக்கும் பொறுப்பில் பெரும் பங்கு பல்கலைக் கழகங்களுக்கு வந்தது. 1993 வரையில், புது மருத்துவக் கல்லூரி திறக்க மத்திய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் இல்லை. மாநில சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும், பல்கலைக் கழகத்தின் சிண்டிகேட் இணைப்புத் தர வேண்டும். எத்தனை படுக்கைகள், எத்தனை ஆசிரியர்கள், பரிசோதனைக்கூடம் உண்டா, உடற்கூறு படிக்க வசதி உண்டா என்று பார்த்த பிறகே இணைப்பு கிடைக்கும். அந்தத் திறவுகோல் முதலியார் தலைமையிலிருந்த பல்கலைக் கழகத்தின் கையில் இருந்தது.

இடங்களுக்குப் போட்டியோ கடுமை. வகுப்புவாரி உத்தரவின்படி மருத்துவ, இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இடம் ஒதுக்கிய வழக்கு 1951-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே ஒரு காரணமாயிற்று. கல்லூரிகளைப் பெருக்குவது ஒன்றே வழி என்று ஆயிற்று. மதுரையில் 1954-ல், திருநெல்வேலியில் 1965-ல், கோயமுத்தூரில் 1966-ல் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. கேரளத்தில் திருவனந்தபுரம் 1951-லும், மலபாருக்கென்று கோழிக்கோடு 1957-லும் வந்தன.

1959-ல் மத்திய சர்க்கார் முதலியார் தலைமையிலேயே ஒரு கமிட்டியை அமைத்தது. போர் கமிட்டிக்குப் பின் நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. 1961-ல் தயாரான அறிக்கை, 50 லட்சம் ஜனங்களுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கண்டபடி பெருக்குவதைவிட, இருப்பவற்றுக்கு ஆளும் மருந்தும் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும் என்றது. ஒரு நிலையத்துக்கு 40,000 பேருக்கு மேல் கூடாது, ஜில்லா ஆஸ்பத்திரியில் நிபுணர்கள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. விரிவும் வேண்டும், தரமும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

உலக சுகாதார ஸ்தாபனமும் அவரை அறிந்திருந்தது. 1949-50-ல் அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். 1961-ல் புதுடில்லியில் கூடிய உலக சுகாதார மகாசபைக்குத் தலைவர். 1954-ல் பத்மபூஷண், 1963-ல் பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. 1974 ஏப்ரலில், 86-ம் வயதில் காலமானார். சென்னை தரமணியில் உள்ள அடிப்படை மருத்துவ விஞ்ஞான முதுகலை நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மலை மேலே யார் போவது?

அவர் தலைமுறை எடுத்த முடிவுக்கு ஒரு விலையும் இருந்தது. எல்.எம்.பி. டாக்டர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு வர வேண்டிய எம்.பி.பி.எஸ். பட்டதாரி பட்டணத்தை விட்டு அசையத் தயங்கினார். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திய வசதி தரவேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. ஆனால் டாக்டரை மலையேற்றச் சட்டத்தால் மட்டும் முடியாது. நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால், எட்டும் தூரத்தில் இருக்கும் அரைகுறை வைத்தியமா, எட்டாத தூரத்தில் இருக்கும் முழு வைத்தியமா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அதே சமயம், தரத்தைத் தளர்த்தியிருந்தால் அதன் பாரமும் இந்த ஏழைகள் தலையில்தான் விழுந்திருக்கும். வசதி உள்ளவர் நல்ல டாக்டரைத் தேடிப் போய்விடுவார். போக முடியாதவருக்கே அரைப்படிப்பு டாக்டர் மிஞ்சுவார்.

இரண்டு ஜில்லாக்களின் அனுபவம் இதற்கு நல்ல உதாரணம். 2014-ல் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. இடுக்கிக் கல்லூரியில் போதிய வசதி இல்லை என்று அங்கீகாரம் தடைபட்டது. மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். வசதிகளைச் சேர்த்த பின், 2022-ல்தான் 100 இடங்களுக்கு அனுமதி கிடைத்தது. மலை ஜில்லாவுக்கு இது பல ஆண்டு நஷ்டம். ஆனால் வசதியில்லாத கல்லூரியில் படித்து வரும் டாக்டரிடம் போவதும் அதே மலை ஜில்லா ஜனங்கள்தான்.

பழைய மெடிக்கல் கவுன்சில் போய், 2019-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவக் கமிஷன் வந்துவிட்டது. முழு டாக்டர் அல்லாத சுகாதார ஊழியர்களுக்கு வரம்புள்ள லைசென்ஸ் தர அச்சட்டம் இடம் வைத்தபோது, எல்.எம்.பி. காலத்துச் சண்டை மறுபடி எழுந்தது. 2023-ல், ஒரு மாநிலத்தில் 10 லட்சம் பேருக்கு 100 இடம் என்று கமிஷன் வரம்பு வைக்க முயன்றது. அதிக கல்லூரிகளைக் கட்டிவிட்ட தென் மாநிலங்கள் எதிர்த்தன. வரம்பு தள்ளிவைக்கப்பட்டது.

எண்ணிக்கை பெருகியிருக்கிறது, 50 லட்சத்துக்கு ஒரு கல்லூரி என்பது தென்னாட்டில் எப்போதோ தாண்டிய எல்லை. கல்லூரியில் ஆசிரியரும் படுக்கையும் நோயாளியும் உண்மையாகவே இருக்கிறார்களா, படித்து வந்தவர் மலைக்கும் கிராமத்துக்கும் போகிறாரா என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு முதலியார் தலைமுறை வழி வகுத்துவிட்டுப் போனது. இரண்டாவது கேள்வி இன்று பொறுப்பில் இருப்பவர்களுடையது.