கொடுமுடிக் குயில்

தோழியரே! மேலைநாட்டு இசைநாடகங்களில் தலைசிறந்த பாடகியை 'டிவா' என்பர். இத்தாலிய மொழியில் அதற்குத் தேவி என்று பொருள். நாளடைவில் செருக்குக்காரி என்னும் பொருளும் அதில் ஒட்டிக்கொண்டது. பெண் தன் மதிப்பை அறிந்திருந்தால் செருக்கு என்பது உலக வழக்குப் போலும்!

நம் ஒகேனக்கலில் குதிக்கும் காவிரி கீழே தழுவிச் செல்லும் ஊர் கொடுமுடி. அங்கே 1908இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். ரயிலில் பாடிக் காசு பெற்ற அச்சிறுமி, நாடக மேடையேறிப் புகழ் பெற்றார். உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கணவர் மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25தான். வெள்ளுடை பூண்டு ஒதுங்கியிருந்தவரைத் திரையுலகம் தேடி வந்தது. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்றார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! நாடே வியந்தது. 1953இல் ஔவையாராகவும் தோன்றினார். சட்ட மேலவையிலும் அமர்ந்தார். 1980இல் கண் மூடும்வரை அவ்வெள்ளுடையை மாற்றவில்லை.