மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள்

உலகம் கெட்டுவிட்டது என்னும் முறையீடு எக்காலத்தும் உள்ளதே. திண்ணையிலிருந்து பேசுவாரும், சபையில் நின்று பேசுவாரும் அதனைச் சொல்லியே வருகின்றனர். ஆயின், கெட்ட உலகின் நடுவே நிற்கும் ஒருவன், தான் நிற்குமிடத்தில் செய்யத்தக்கது யாது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற பெரியார் ஒருவரின் சரித்திரத்தை, நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களே அப்பெரியார்.

இவர் 1826-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்தில், சவரிமுத்துப் பிள்ளையவர்களின் புதல்வராகத் தோன்றினார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். 1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857-இல் தரங்கம்பாடியில் முனிசீப் பதவி எய்தினார். பின்னர்ச் சீர்காழியிலும், மாயூரத்திலும் அப்பதவி வகித்தார். மாயூரத்தில் இருந்த காலம் 13 ஆண்டு. அதனால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயர்க்கு அடையாய் நிலைத்தது.

அக்காலத்து நீதிமன்ற நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்டமும் மேல்மன்றத் தீர்ப்புக்களும் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடும் குடியானவனோ தமிழன்றிப் பிறிதொன்றறியான். அறியாதவனுக்கும் அதிகாரத்துக்கும் இடையே நின்று பொருள் பறிப்பார்க்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. கைக்கூலி கொடுப்பதே முறை என்று கொடுப்போரும், வாங்குவதே வழக்கம் என்று வாங்குவோரும் மனந்தேறியிருக்கும் இடத்தில், அது குற்றமென்னும் உணர்ச்சியே மறைந்துபோகின்றது. ஒழுக்கக்கேடு முதிர்ந்ததற்கு அதுவே அடையாளம்.

இந்நிலையில் பிள்ளையவர்கள் ஊரைப் பழித்து ஒதுங்கினாரல்லர். தம் ஆசனத்தை முதற்கண் தூய்மையாக வைத்துக்கொண்டார். நடுநிலை பிறழாதவர் என்னும் நற்பெயர் அவர்க்கு நிலைபெற்றது. பிறர்க்குத் தீர்ப்புரைக்கும் தாமும் ஒருநாள் இறைவன் திருமுன் தீர்ப்புக்கு நிற்கவேண்டியவர் என்பது அவர் சமயத்தின் கொள்கை. அக்கொள்கை ஆலயத்தளவில் நின்றுவிடாமல் நீதிமன்றத்துள்ளும் அவருடன் சென்றது என்பதே எம் துணிபு.

அடுத்து, நோயின் காரணத்தையும் நாடினார். 1805 முதல் 1861 வரையுள்ள மேல்மன்றத் தீர்ப்புக்களைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் வெளியிட்டார். அறியாமையே இடைத்தரகனுக்கு முதலாதலின், அம்முதலைக் குறைப்பதும் கைக்கூலியை ஒழிக்கும் வழியே ஆகும்.

1859-இல் 'நீதிநூல்' வெளிவந்தது. பொய், களவு, சூது, மது முதலிய பழைய குற்றங்களோடு கைக்கூலியையும் ஓர் அதிகாரப் பொருளாக வைத்து, உத்தியோகம் பார்ப்பவரே அதனைக் கடிந்து பாடியது அந்நூலின் தனிச்சிறப்பு. தம் வேதத்தில் ஆழ்ந்த பற்றுடையவரேனும், இந்நூலைத் தம் சமயத்தார்க்கு மட்டும் என்று வரைந்தாரல்லர். கடவுள் ஒருவர், அறம் பொது என்னும் நிலையில் நின்று, எவ்வீட்டுப் பிள்ளையும் ஓதத்தக்கதாக அமைத்தார். 1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யும் அந்நோக்கினதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இவர்மீது 'குளத்துக்கோவை' பாடியதும், இவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர்மீது செய்யுள் புனைந்ததும், சமயம் வேறாயினும் உள்ளம் ஒன்றிய நட்பிற்குச் சான்று.

பெண்கள் கல்வியின்றி இருத்தலும் சமூகத்தின் குறையென்று கண்டு, 1869-இல் 'பெண்மதி மாலை' இயற்றினார். இல்லறக் கடமைகளையே பெரிதும் வற்புறுத்தும் அந்நூற் கருத்துக்கள் சில இன்றைக்குப் போதா என்பது உண்மையே. எனினும், பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்றிருந்த நாளில் அது பேருதவி. 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலென்று போற்றப்படுவது. அதில் ஞானாம்பாள் என்னும் பெண்ணையே அறிவிற் சிறந்தவளாகவும், ஆண்வேடத்தில் அரசு செலுத்துபவளாகவும் படைத்துக் காட்டினார். தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழர் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை நகையாடியதும் அந்நூலிலேயே.

இத்தனையும் எழுத்தளவில் நின்றனவோ என்று ஐயுறுவார்க்கு விடை, தாது வருஷப் பஞ்சத்தில் உள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பசித்தோரைக் காத்தார். அவ்வள்ளன்மையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபக்தராயிருந்தும், இக்கிறிஸ்தவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். அறம் உரைத்தவர் கை, பசித்தவர் முன் சுருங்கவில்லை.

பதவியினின்று நீங்கிய பின்னும் மாயூரம் நகரசபைத் தலைவராக ஊர்க்குழைத்தார். 1887-இல் 'சுகுண சுந்தரி' என்னும் மற்றொரு நாவலையும் அளித்து, 1889-ஆம் வருஷம் ஜூலை மாதம் 21-ஆம் தேதி இறைவனடி சேர்ந்தார்.

இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கது யாது? சமூகச் சீர்கேட்டுக்குப் பெருங்கண்டனம் இயற்றுதல் எளிது; தீர்மானம் நிறைவேற்றுதல் அதனினும் எளிது. நம் பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டுமென்று மறைவாய்ப் பணப்பை நீட்டும்போதும், ஒரு பத்திரம் விரைந்து பதிவாகவேண்டிக் கைமாற்றும்போதும், நாம் பழிக்கும் அவ்வுலகம் நம் கையாலேயே கெடுகின்றது. வாங்குவோன் ஒருவனை ஆயிரம் பேர் ஏசுகின்றோம். கொடுத்தோர் அவ்வாயிரவருள் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை. பிள்ளையவர்கள் நாட்டையெல்லாம் திருத்திவிட்டாரல்லர். கைக்கூலி அவர்க்குப் பின்னும் வாழ்கின்றது. ஆயின் அவர் ஆசனத்தருகே அதற்கு இடமில்லாதிருந்தது. தம் கைக்கெட்டிய இடமெல்லாம் தூய்மை செய்தார். எட்டாத இடத்துக்கு நூலை அனுப்பினார்.

எச்சமயத்தாராயினும், ஆசிரியர் தம் பள்ளியிலும், வணிகர் தம் கடையிலும், உத்தியோகஸ்தர் தம் மேசையிலும், தாய்தந்தையர் தம் மனையிலும் இவ்வழி நிற்பாராயின், நம் சங்கத்துக்கு அதனினும் பெரிய தொண்டு வேறில்லை. நம் இளைஞர் இப்பெரியாரின் நூல்களைத் தேடிக் கற்று, அந்நெறியில் ஒழுகுமாறு எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.